மூன்று வாரம் தள்ளி வந்த தவக்காலம்

சேசு மரி சூசை துணை

சவேரியார்பாளையம்,
திண்டிவனம் வழி.
26.2.2000

அன்பு மகள் அக்னஸுக்கு அம்மா இருதயமேரி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா ஒரு கை தவிர மற்றபடி சுகம். நீயும் பேத்தி ஜெசியும் சுகமா என்று எப்போதும்போல இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், நானும் நம்பியதுபோல மடித்து பைபிளுக்குள் வைத்துவிடுவேன், நாலு வருஷமாக நாம் இரண்டு பேரும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம். கல்யாணிலிருந்து நீ போட்ட கடிதம் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது கை எலும்பு விட்டுப்போச்சு, மாவுக்கட்டு போட்டிருக்கிறது, மாப்பிள்ளை வளன் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். அக்னஸ், அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், என்னிடமே அதைச் சொல்கிறாயே. நீ ஜெசியைத் தூக்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வெறுமனே வா என்று எழுதினால் நீ வர மாட்டாய், வராமல் இருக்கத்தான் உன்னை வளர்த்திருக்கிறேன், அதனால் இங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், கடைசிவரைக்கும் படி. உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் யார் பிரிப்பார் என்று தெரியாது, அதனால் நீ ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற பூமாலையின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டுப் போ.

உன் அப்பாவின் நாற்பது நாள் கதை உனக்குத் தெரியாதது இல்லை. விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கினால் அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் சொட்டு குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மரச்சிலுவையைத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் போவார், மேஸ்திரி இன்னாசிராஜ் மாதிரி ஒருத்தன் ஒறுத்தல் இருக்க முடியுமா என்று சனங்கள் என்னிடமே வந்து சொல்வார்கள். அந்த நாற்பது நாளுக்கு முன்னால் வருகிற வாரங்களைப் பற்றி யாருக்குத் தெரியும். தை பிறந்ததும் ஊரில் எல்லோரும் வீடு கட்ட ஆரம்பிப்பார்கள், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவருக்கு ஓயாத வேலை, கையில் காசு, வழியெல்லாம் பிராந்திக் கடை. பின்னால் நாற்பது நாள் சும்மா இருக்க வேண்டுமே என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதுபோல அந்தப் பனிக்காலம் முழுக்க அடிப்பார். என் கடைவாய்ப் பல் இரண்டு போனதும் ஒரு பனிக்காலத்தில்தான். உனக்குப் பிறகு வயிற்றில் தங்கிய நாலு மாதப் பிள்ளை போனதும் ஒரு மாசியில்தான், வேலிப் படலில் இடித்துக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், அந்த நர்சம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் அக்னஸ், பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து நான் விபூதிப் புதனைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் தவக்காலத்தில் வாயைக் கட்டுவார்கள், எனக்கு அதுதான் வயிறாரச் சாப்பிடுகிற காலம்.

இந்த வருஷம் அந்த எண்ணிக்கையில்தான் தப்பு பண்ணிவிட்டேன். போன வருஷம் விபூதிப் புதன் பிப்ரவரி பதினேழு. அந்த ஞாபகத்திலேயே இந்த வருஷம் பதினாறாம் தேதி புதன்கிழமையைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துவிட்டேன். பால்வாடியில் முப்பது பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக்கொடுக்கிறவள், ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும் என்று தெரியாதவளா, தெரியும், ஆனால் அந்தத் தேதி எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாசி பிறந்த அன்று, போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் பண்ணுவார்களே, அதற்காக நம் வீட்டு ஓலையையும் தெருவில் நாலு வீட்டு ஓலையையும் வாங்கிக் கட்டாகக் கட்டிப் பூசைக்குக் கொண்டுபோனேன். பூசை முடிந்து புதுச் சாமியாரிடம் நீட்டினேன். அவர் சின்ன வயசு, வெள்ளை மனசு, சிரித்துவிட்டார். என்ன டீச்சர், உங்களுக்கு அவ்வளவு அவசரமா, இந்த வருஷம் ஈஸ்டரே ஏப்ரல் இருபத்திமூணு, விபூதிப் புதனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, பத்திரமா வச்சிருந்து அப்புறமா கொண்டாங்க என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் என்றால் இருபத்தோரு நாள். மூன்று நாளைக்குத் தாங்குகிற அளவுக்குத்தான் என்னிடம் பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வந்து களிக்கு உலை வைத்தேன், பக்கத்து அடுப்பில் கறிக்குழம்பு. அப்பா கோயிலுக்கு வெளியே ஆம்பளைகளோடு நின்றிருந்தவர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். அங்கே யாரோ கிண்டல் பண்ணியிருக்கிறார்கள், இன்னா மேஸ்திரி, உன்ன ஜல்தியா சாமியாராக்கணும்னு உன் வூட்டம்மா ஓலையத் தூக்கிக்கினு அலையுதே என்று. பகல் ஒரு மணி இருக்கும், வண்டியை வாசலில் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் அடுப்படியில் குந்தி இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தேன். கோயில்ல போயி ஊரு சனத்துக்கு முன்னால என் மானத்த வாங்கிக்கினு வர்றியாடி, நாப்பது நாளு நான் சும்மா இருக்கறத எண்ணிக்கினு கெடக்கறியா, எண்ணு, இப்ப எண்ணு என்று சொல்லிப் பின்னந்தலை முடியைப் பிடித்து இழுத்தார். முதல் அறையில் காது அடைத்துவிட்டது. அப்புறம் தலையைக் கதவு நிலையில் மோதினார், ஒரு தடவை, இரண்டு தடவை, உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் சுருண்டு வயிற்றையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு இருபது வரைக்கும் எண்ணுவேன், பெரும்பாலும் இருபதுக்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். அன்றைக்கு ஒன்று என்று எண்ண வாயைத் திறந்தேன், உள்ளுக்குள் இருபத்தோரு நாள் என்றுதான் வந்தது.

துடுப்பு கையிலேயே இருந்தது, நுனியில் கொதிக்கிற களி. மூன்றாவது தடவை அவர் கையை ஓங்கினபோது நான் வீசினேன். முதல் அடி முழங்கைக்குக் கீழே, களி அவர் தோலில் ஒட்டிக்கொண்டது, அலறினார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது அடிக்குக் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார், காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது, கை தொங்கிவிட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தவரை முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன் மகளே, அந்தக் கடைசி இரண்டு அடியில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது, என் உடம்பில் அப்படி ஒரு பலம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று எனக்கே பயமாகிவிட்டது. சத்தம் கேட்டு அடுத்த கொல்லைக் கெங்கம்மாள் உளுந்துச் செடி பிடுங்கின மண் கையோடு ஓடிவந்தாள், அய்யய்யோ டீச்சரம்மா உன்ன இன்னா பண்ணிட்டான் என்று கத்திக்கொண்டே வந்தவள், உள்ளே யார் தரையில் கிடக்கிறார் என்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நான் துடுப்பைக் கழுவி வைத்துவிட்டு, எழுந்து உட்காரு என்று அவரிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார்.

கெங்கம்மாள் வீட்டு டிராக்டரில்தான் விக்கிரவாண்டிக்குக் கூட்டிப்போனோம், அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிற வெங்கடாசலம் என்ற பெரியவர் இருக்கிறார். வழியெல்லாம் உன் அப்பா முனகிக்கொண்டே என்னிடம் கெஞ்சினார், சாரத்துலேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லு இருதயம், நீ அடிச்சேன்னு மட்டும் சொல்லாத, ஆம்பள பொழப்பு நாறிடும் என்று. எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றடியில் வழுக்கிவிட்டேன், மாடு முட்டிவிட்டது, வேலியில் இடித்துக்கொண்டேன் என்று இருபத்தெட்டு வருஷம் நான் சொன்னதெல்லாம் அவர் வாயில் வருகிறதே என்று. வெங்கடாசலம் கையைப் பிடித்துப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டார், உன் அப்பா சாரம் என்றார், நான் களித் துடுப்பால் அடித்தேன் என்றேன். பெரியவர் என் உதட்டைப் பார்த்தார், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார், நாப்பது நாளு இந்தக் கையத் தூக்கக் கூடாது என்றார். கெங்கம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நம் வீட்டில் மட்டும் தவக்காலம் பதின்மூன்றாம் தேதியே தொடங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, கடைசி இரண்டு அடிக்கு மனஸ்தாபப்படுகிறேன் சாமி, முதல் மூன்றுக்குப் படவில்லை, பட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பாவமாகிவிடும் என்றேன். அன்னிக்கு ஓலைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது டீச்சர் என்றார் சாமியார். அப்புறம் அந்த இரண்டு அடிக்கு மட்டும் பத்து அருள் நிறைந்த மந்திரம் கொடுத்தார்.

இப்போது பதின்மூன்று நாள் ஆகிறது. இந்தப் பதின்மூன்று நாளைப் பற்றி உனக்கு எப்படி எழுதுவேன். விடிந்து கதவைத் திறந்தால் பனி மூடிக் கிடக்கிறது, ரோட்டில் லாரி போகிற சத்தம் மட்டும் வருகிறது, வாசல் முருங்கையிலிருந்து பூ கொட்டி ஈரத்தோடு கிடக்கிறது, இந்த மரம் ஒவ்வொரு மாசியிலும் பூத்திருக்கிறது, இந்த வீட்டில் இருந்துகொண்டே நான் பார்த்ததில்லை. காபியைச் சூடாகக் குடிக்கிறேன். முன்பெல்லாம் வண்டிச் சத்தம் கேட்கிறதா, ஸ்டாண்டை எந்த வேகத்தில் போடுகிறார் என்று காதை வாசலிலேயே வைத்திருப்பேன், காபி ஆறிப்போகும். தலைக்குக் குளித்தால் முடியை விரித்து வெயிலில் உலர்த்துகிறேன், பிடிக்கத் தோதாக இருந்துவிடக் கூடாதென்று எப்போதும் ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டவள் நான், எனக்கு இவ்வளவு முடி இருக்கிறது என்று கெங்கம்மாளே அதிசயப்பட்டாள். அவள் கொடுத்த புது உளுந்தில் வடை சுட்டேன், மொறுமொறுப்பாக வந்த முதல் வடையை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து நானே தின்றேன். படுக்கும்போது மல்லாந்து படுக்கிறேன், இத்தனை வருஷமும் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத்தான் படுத்திருக்கிறேன். பால்வாடிப் பிள்ளைகள் பனியில் மூக்கொழுக வந்து என் மடியில் ஏறுகின்றன, யாராவது சட்டென்று தோளைத் தொட்டால் நான் பதறிப் போவதில்லை. இவ்வளவுதான், வேறொன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் சாயங்காலம் சத்துமாவு டப்பாவை மூடும்போது இன்றைக்கு நாள் நன்றாக இருந்தது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மனுஷனின் எலும்பை முறித்து வாங்கின நிம்மதிதான் இது, ஆண்டவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா திருந்திவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், இடது கையால் களியைப் பிசைந்து சாப்பிடுகிறார், அடங்கி இருக்கிறார். கை சேர்ந்த பிறகு இன்னா பண்ணுவே என்று கெங்கம்மாள் கேட்டாள். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டேன், இந்த மனை என் அப்பன் என் பேருக்கு எழுதினது, இனிமேல் உன் கை எழும்பினால் நான் துடுப்பைத் தேட மாட்டேன், உன் துணிமணியை வாசலில் வைத்துவிட்டு நேராகத் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன், எனக்கு நாற்பது நாள் போதாது, வருஷம் முழுக்க வேண்டும் என்று. உன் கடிதம் வந்த அன்று அதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாடிப்படி என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் போயி அந்த நாய ரெண்டு வுட்டுட்டு எம் பொண்ண இட்டுக்கினு வர்றேன் என்று எழுந்தார். எந்தக் கையால் என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார், அப்புறம் அழுதார், நான் துடைக்கவில்லை.

அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கன்னம் வீங்கி, கைப்பிள்ளையோடு இங்கே வந்து நின்றபோது நாலாம் நாள் உன்னை ரயில் ஏற்றி அனுப்பினவள் நான். ரயிலுக்காக மெட்ராஸ் பஸ் ஏறப் போனபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இங்கியே இருந்துக்கறேம்மா என்றாய். நான் என்ன சொன்னேன், மாப்பிள்ளையை ஒறுத்தல் எடுக்க வை, நாற்பது நாள் நல்லபடியாகப் போகும், அதை நினைத்துக்கொண்டு மற்ற நாளைத் தள்ளிவிடு, நான் தள்ளவில்லையா என்றேன். யாராவது கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்று சொல் என்றேன். அடி வாங்குகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அடி வாங்கும் முறையைச் சொல்லி அனுப்பினேன். அவர் கை செய்ததை விட என் வாய் உனக்குச் செய்தது பெரிய துரோகம். என்னை மன்னித்துவிடு மகளே. மன்னிக்க முடியாவிட்டாலும் வந்துவிடு, இங்கே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் என்னைத் திட்டு.

வளனோடு சண்டை போடாதே, நான் போட்டதுபோல் எதையும் கையில் எடுக்காதே, எனக்கு இங்கே சொந்த மனை இருந்தது, கூப்பிடு தூரத்தில் கெங்கம்மாள் இருந்தாள், வடக்கே அவ்வளவு தூரத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். அவர் பகல் ஷிப்டுக்குப் போகிற நாளாகப் பார்த்துப் பூமாலையைக் கூட்டிக்கொண்டு கல்யாண் ஸ்டேஷனுக்குப் போ, மெட்ராஸ் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறு. ஜெசியின் பிறப்புச் சான்றிதழ், உன் பத்தாவது மார்க் ஷீட், மாவுக்கட்டுக்கு டாக்டர் எழுதின சீட்டு இந்த மூன்றும் போதும், பாத்திரம் பண்டம் எதற்கும் ஆசைப்படாதே. பூமாலையை விட்டு நம் தபால் ஆபீஸுக்கு ஒரு போன் போடச் சொல், சென்ட்ரலில் நான் வந்து நிற்பேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பாய். சொல்லட்டும், ஏற்கெனவே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதோடு உன்னையும் சேர்த்துச் சொல்லட்டும், அதனால் எனக்கு ஒரு பேஜாரும் இல்லை. தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஜெசி என்னோடு பால்வாடிக்கு வருவாள். பனி இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும், குழந்தைக்குக் குல்லாய் போட்டு இறக்கு.

மாதா உன்னைத் தன் முந்தானையில் மூடிக் கூட்டிவரட்டும். உனக்கும் என் கண்ணு ஜெசிக்கும் அம்மாவின் ஆயிரம் முத்தங்கள், அந்தக் கட்டுப் போட்ட கைக்குத் தனியாக ஒன்று. உன் கடிதத்தை இந்த வாரம் எட்டுத் தடவை படித்துவிட்டேன், சுகம் என்று எழுதியிருந்ததில் எதுவும் என்னை அழ வைக்கவில்லை, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் பொடியாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் அழ வைத்தது. அம்மா, இந்த வருஷம் விபூதிப் புதன் என்னிக்கு வருது என்று கேட்டிருந்தாய். மார்ச் எட்டாம் தேதி அக்னஸ். அதுவரைக்கும் அங்கே இருக்காதே.

இப்படிக்கு,
உன்னைத் திருப்பி அனுப்பிய அதே அம்மா,
இருதயமேரி